தாடியும் தண்ணீர்க் குழாயும்

முகச்சவரத்தைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். சுளித்த முகத்தைச் சவரஞ் செய்வது கடினம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். தோட்டத்தார் தொழிற்சாலையை ஸ்டோர் என்றே வழங்குவர்; அவ்வழக்கையே நானும் பின்பற்றுகிறேன். வீடு மஸ்கெலியாவில் இருக்கிறதென்று பெயர். மாதத்தில் இருபது நாள் நான் அங்கே இருப்பதில்லை. இன்று சாமிமலை, நாளை அப்கட், மறுநாள் நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை என்று கருவிப்பெட்டியைச் சுமந்துகொண்டு மலை சுற்றும் பிழைப்பு. கொழுந்து குவிந்து கிடக்கையில் ரோலர் ஒன்று நின்றுபோனால் தொலைபேசி நள்ளிரவென்றும் பாராது அலறும். வேலை முடிந்த இடத்தில் படுக்கை. ஒரு நாள் டீமேக்கர் வீட்டு முன்னறை. ஒரு நாள் கொழுந்து வாட்டும் மாடி. பல நாள் பஸ்ஸின் ஆசனம். விடிந்தால் பனிப்புகை மூடிய பீலிக்கரையில், எலும்பைத் தொடும் தண்ணீரில், உள்ளங்கை அளவுக் கண்ணாடியை மண்வரம்பிலே சாய்த்து வைத்துக்கொண்டு பிளேடால் சவரஞ் செய்து முப்பது ஆண்டுகளைக் கழித்தேன். அதிலே எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது என் இருதயம். லயத்து அறையில் வளர்ந்த சிறு பிராயத்தில் எனக்கு அடிக்கடி தொண்டைப்புண் வரும்; கஷாயத்தோடு தீர்ந்ததென்று பெற்றோர் எண்ணியிருந்தனர். தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ஒருவகை வாதக்காய்ச்சல் இருதய வால்வைப் பழுதாக்கிவிட்டுப் பல ஆண்டுகள் வாய் திறவாதிருக்கும் என்னும் செய்தி ஐம்பது வயதுக்குப் பின்னரே எனக்குத் தெரிய வந்தது. கொழும்பிலே நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். ஊரார் யந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவனையே பிரித்துப் பூட்டிவிட்டார்கள் என்று வீட்டிலே சிரித்துக்கொண்டோம். அவ்வால்வின்மீது இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் என்னும் மாத்திரையை ஆயுள் முழுவதும் விழுங்கியாக வேண்டும். உறைய வேண்டிய இடத்திலும் இரத்தம் எளிதில் உறையாது என்பது அம்மருந்தின் மறுபக்கம். “இனிமேல் பிளேடு வேண்டாம், மின்சாரச் சவரம் செய்துகொள்ளுங்கள்” என்று வைத்தியர் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எளிது.

மூன்றாம் மாதம் சாமிமலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மோவாயில் ஓர் அரிசி அகலத்துக்குக் கீறல் விழுந்தது. முன்பெல்லாம் படிகாரக்கட்டியை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வேலைக்குப் போவேன். அன்று படிகாரம் தோற்றது. ஒரு துவாய் நனைந்து இரண்டாவது துவாயும் சிவக்கத் தொடங்கியபோது, டீமேக்கரின் மனைவி வாசற்படியில் நின்று அழுதுவிட்டார். மோவாயை அழுத்திப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வேளையில்தான் வைத்தியரின் சொல் என் காதிலே விழுந்தது எனலாம்.

தாடி வளர்க்கலாமே என்பீர்கள். வளர்த்தும் பார்த்தேன். “வீட்டிலே யாருக்கும் ஏதாவது…” என்று இழுத்துத் துக்கம் விசாரித்தோர் பாதிப்பேர். சிவனொளிபாதமலைக்கு நேர்த்தியா என்று கேட்டோர் மீதிப்பேர். அன்றியும், சுழலும் பெல்ட்டுகளுக்கு மேலே குனிந்து வேலை செய்கிறவனுக்குத் தொங்குந் தாடி ஆகாது.

ஆக, ஒரு மின்சவரப்பொறியை வாங்கினேன். எந்தக் கடையில், என்ன பெயருடையது என்பதெல்லாம் இங்கு வேண்டா. பளபளவென்று இருந்தது, அதன் மேல் ஆசைப்பட்டேன். தண்ணீர் படக்கூடாது, தூரிகையால் துடைத்தாற் போதும் என்று பெட்டியிலே எழுதியிருந்ததை வாசித்தும் வாசியாதவன் போலிருந்தேன். தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியாவைப் பிடித்த பின்னர் இங்கே உலர்ந்த பொருள் என்று ஒன்று கிடையாது. அலமாரியிலுள்ள செருப்புக்கும் பூஞ்சணம் பூக்கும். மயிர்த்தூளும் முகத்து எண்ணெயும் காற்றின் ஈரமுங் கலந்து பொறியின் வாயிலே பசையாக அப்பிக்கொண்டன. இரண்டு மாதத்தில் அது முனகியது. மூன்றாம் மாதத்தில் மயிரை வெட்டாமற் பிடித்து இழுத்தது.

பிரித்துப் பார்த்தேன். மோட்டாருக்கு ஒரு குறையுமில்லை. அதனைச் சுற்றிய மயிர்த்தூள்தான் மூச்சை அடைத்திருந்தது, திருகாணிகள் துருவேறியிருந்தன. ஸ்டோர்களிலே தேயிலைப் பஞ்சு படிந்து, காற்றுத்துளை அடைத்து, வெந்துபோன மோட்டார்களை வாழ்நாளெல்லாம் பார்த்து, “கழுவித் துடைத்து வைத்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும்” என்று பிறருக்கு உபதேசித்தவன் நான்! யந்திரங்கள் உழைப்பினாற் சாவது குறைவு; அழுக்கினாற் சாவதே மிகுதி. இதை அறிந்திருந்தும், சட்டைப்பைக்குள் அடங்கும் யந்திரத்துக்கு அந்த நியாயத்தைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

நிற்க. மின்சவரப்பொறி பிறந்த கதையும் ஒரு குளிர்தேசத்துக் கதையே என்பதை அன்பர்கள் அறிந்திருக்கலாம். அமெரிக்க இராணுவத்திலே பணியாற்றிய ஜேக்கப் ஷிக் என்பவர், வடகோடியில் பொன் தேடிச் சென்றவிடத்தே கணுக்காலில் அடிபட்டுக் கிடந்தார்; உறைபனியில் வெந்நீரும் சோப்புநுரையுமாகச் சவரஞ் செய்வது பெரும்பாடாயிருக்கவே, நீரில்லாத சவரத்துக்கு வழி தேடினார் என்பர். அவர் கண்ட பொறி 1931இல் விற்பனைக்கு வந்தது. 1939இல் ஒல்லாந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியில் அலெக்சாந்தர் ஹோரோவிட்ஸ் என்னும் பொறியியலாளர், ஆடி வெட்டுவதற்குப் பதிலாகச் சுழன்று வெட்டும் பொறியை ஆக்கினார். ஜெர்மானியரான பிரௌன் கம்பெனியார் 1950இல் மெல்லிய வலைத்தகட்டின் கீழே கத்தியை ஓடவிட்டனர். இன்று கடையிலே காண்பனவெல்லாம் பெரும்பாலும் இவ்விரு குலத்துப் பிள்ளைகளே. நீரில்லாத சவரத்துக்காகப் பிறந்த பொறி நீரிலே குளிக்கப் பழகியதுதான் பிற்காலத்து விசேஷம்.

இரண்டாம் முறை நான் கடைக்குப் போனது என் முகத்தை நினைத்துக்கொண்டன்று, பீலிக்கரையை நினைத்துக்கொண்டு. விற்பனையாளரான இளைஞரிடம் நான் கேட்ட முதற்கேள்வி, “தம்பி, இதன் தலையைத் திறந்து குழாய்க்குக் கீழே பிடிக்கலாமா?” என்பதே. அவர் பெட்டியின் பின்புறத்தைக் காட்டினார். ஐ.பி.எக்ஸ். 7 என்றொரு குறி இருந்தது. ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிஷம் கிடந்தாலும் உள்ளே கேடு விளையாது என்பது அதன் பொருள். ஐந்து என்றிருந்தால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். முழுக்கைத் தாங்குமென்று அவ்வெண் உறுதி சொல்லாது. எனக்கு ஏழே வேண்டியிருந்தது. பீலியிலே கை விறைத்து யந்திரத்தைத் தொட்டிக்குள் போட்டுவிடுகிறவன் நான், போட்டும் இருக்கிறேன்.

அடுத்து, தலையைக் கழற்றிப் பூட்டச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் நகத்தாலும் போராடினார். அப்பொறியை ஒதுக்கிவிட்டேன். விளக்கில்லாத விடியற்காலையில், குளிரில் மரத்த விரல்களோடு, ஒரு கட்டைவிரல் அழுத்தத்தில் திறக்காத தலை எனக்கு உதவாது. சிறு பாகங்கள் எத்தனை என்றும் எண்ணினேன். ஒவ்வொரு வட்டையும் தனித்தனியே கழற்றிக் கழுவும் வகையிலே ஒன்று இருந்தது. வீட்டு மேசையில் வைத்துச் செய்யத் தகும். பீலிக்கரையின் வடிகாலில் ஒரு வட்டு உருண்டு போனால் அதைத் தேடி மவுஸ்ஸாக்கலை அணைக்கட்டுக்குத்தான் போகவேண்டும். தானே கழுவிக்கொள்ளும் பீடத்தோடு விலையுயர்ந்த பொறிகளும் இருந்தன. அவற்றின் திரவப்புட்டியைச் சாமிமலைக் கடையில் யார் வைத்திருக்கிறார்கள்?

வலைத்தகடா, சுழல்வட்டா என்பதில் ஊரெல்லாம் வழக்காடுகிறது. நாள் தவறாமல் சவரஞ் செய்கிறவனுக்கு வலைத்தகடு நெருங்கி வெட்டும், நேர்கோட்டில் இழுக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டுச் செய்கிறவனுக்கும், கழுத்திலே பல திசையில் மயிர் முளைத்தவனுக்கும் சுழல்வட்டு பொறுமையாக ஒத்துழைக்கும். வலைத்தகடு காகிதம் போல் மெல்லியது. கருவிப்பெட்டிக்குள் ஒரு ஸ்பேனர் இடித்தாலும் நசுங்கும், நசுங்கிய இடம் தோலைக் கீறும். என் நிலையில் கீறல் என்பது சிறிய சொல்லன்று. ஆகவே மூடி கெட்டியாகப் பொருந்துகிற சுழல்வட்டுப் பொறியையே தேர்ந்தேன். ஒட்டச் சவரஞ் செய்வதில் அது பிளேடுக்கு ஈடாகாது. மாலையானால் கன்னம் சொரசொரக்கும். இருக்கட்டும், நான் மாப்பிள்ளை பார்க்கப் போகவில்லை.

மின்சார விஷயத்தை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். லித்தியம் மின்கலமாக இருத்தல் நலம். ஒரு மணி நேர சார்ஜில் இரண்டு மூன்று வாரச் சவரம் நடக்கும், அவசரத்துக்கு ஐந்து நிமிஷம் செருகினால் ஒரு தடவைக்குப் போதும் என்ற வகைகளும் உண்டு. நம் நாட்டிலே ஒரு சுவரில் வட்டமுனை, இன்னொரு சுவரில் சதுரமுனை என்று துளைகள் மாறுவதால், கைத்தொலைபேசியின் கம்பியாலேயே சார்ஜ் ஏறும் பொறி பிரயாணிக்குச் சௌகரியம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்தவர் யார்? அதன் பின்னர் சாதாரணக் கடைப் பற்றரியில் ஓடும் சிறிய பொறி ஒன்றையும் பையின் அடியிலே போட்டிருக்கிறேன். தண்ணீருக்கு அஞ்சாத பொறிகளிற் பல, சுவரிலே செருகியிருக்கும்போது ஓடமாட்டா. பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். ஈரக்கையும் சுவர் மின்சாரமுஞ் சேராதிருக்கவே அந்த ஏற்பாடு. மாற்றுக் கத்தித்தலை ஹட்டனிலே கிடைக்குமா என்று மட்டும் வாங்குமுன் விசாரியுங்கள். ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையில் அது தேவைப்படும்.

வாங்கிய பின்னர்தான் உண்மையான வேலை. சவரம் முடிந்ததும் தலையைத் திறந்து, ஒரு துளி சோப்புத் திரவம் விட்டு, பொறியை ஓடவிட்டபடி நீரைக் காட்டவேண்டும். உதறி, திறந்தபடியே காயவிடவேண்டும். மூடிவைத்தால் நம் மலைநாட்டு ஈரம் உள்ளேயே குடியிருக்கும். வாரத்துக்கொருமுறை தையல்யந்திரத்து எண்ணெய் ஒரு துளி. சவரத்தை முகங்கழுவுமுன் செய்தல் நன்று. பனிக்காற்றில் கன்னம் ஈரமாயிருந்தால் சிறிது பவுடர் தடவினால் மயிர் நிமிரும். முதல் மூன்று வாரம் தோல் எரியும், பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்.

இவ்வளவும் பழகிய பின்னரும் எனக்கு ஒரு குறை இருந்தது. மஸ்கெலியாக் கடைத்தெருவிலே சலூன் வைத்திருக்கும் அண்ணனின் வாசலை நான் ஓராண்டாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அவர் தகப்பனாரின் சலூன் பழைய மஸ்கெலியா பஸாரிலே இருந்தது. 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை எழுந்தபோது பஸாரும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் நீருக்குள் போயின. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது இன்றும் அவற்றின் இடிபாடுகள் தலைகாட்டும். மூழ்கடித்த அந்நீர்தான் மலையிறங்கிக் கெனியனிலும் லக்ஷபானவிலும் மின்சாரமாகிறது. அம்மின்சாரம் என் சவரப்பொறிக்கு ஏறுகிறது. அப்பொறியோ அவருக்கிருந்த ஒரு வாடிக்கையைக் குறைத்துவிட்டது. வீட்டிலே பொறி இருக்கையில் எந்த முகத்தோடு அவர் முன்னே போவது?

சென்ற மாதம் தெருவிலே பிடித்துவிட்டார்.

“என்ன தம்பி, ஆளையே காணோம்? இப்படி உட்காரு.”

மாத்திரைக் கதையைச் சொன்னேன். பேசாமற் கேட்டார். “சரி, கத்திய எடுக்க மாட்டேன், பயப்படாத. அந்த மெஷினக் குடு” என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காதருகே வைத்து ஓசையைக் கேட்டார். தன் முன்னங்கையிலே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு இடக்கைப் பெருவிரலால் என் கன்னத்தோலை மேலே இழுத்துப் பிடித்து, மயிர் முளைத்த திசைக்கு எதிராகச் சிறு சிறு வட்டமாக நகர்த்தினார். கழுத்துக்கு வந்ததும் தலையைப் பின்னே சாய்த்து, காதுக்குக் கீழே தோலை இறுக்கினார். ஓராண்டாக அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, பொறியை அழுத்தவே வேண்டியதில்லை, தோலைத்தான் இழுக்கவேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது. கண்ணாடியிலே பார்த்தேன். பிளேடு தோற்றிருக்கும்.

தலையைத் திறந்து, தம்முடைய பழைய தூரிகையை எடுக்கப் போனவரை, “தண்ணியிலேயே கழுவலாம் அண்ணே” என்றேன்.

“தண்ணியிலயா?” என்று சிரித்தார். பின்கட்டுக் குழாயில் நெடுநேரம் கழுவினார். கொண்டுவந்து, கண்ணாடிக்குக் கீழே, அவர் தகப்பனார் பாவித்த கத்தி கிடக்கும் தட்டிலே துணி விரித்து, வாய் திறந்தபடி காயவைத்தார்.

அந்நேரம் என் தொலைபேசி அலறியது. பொகவந்தலாவையில் ரோலர் நின்றுவிட்டதாம். ஈரம் உலரவில்லை. பொறியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தேன். சவரத்துக்குக் காசு கொடுக்கவில்லை என்பது நோர்வூட் தாண்டிய பிறகே நினைவுக்கு வந்தது.