கறுத்த வெள்ளிக் காசுகள்

பெட்டகத்தின் அடியில் துணி முடிப்பில் கிடந்த பழைய வெள்ளி ரூபாய்களை எடுத்துப் பார்ப்போர், ஒன்று சாம்பல் நிறமாகவும் மற்றொன்று கருநீலமாகவும் பிறிதொன்று செம்பின் சாயலோடும் இருக்கக் கண்டு திகைப்பதுண்டு. கள்ளக் காசோ என ஐயுறுவோர் சிலர். புளியும் சாம்பலும் கொண்டு தேய்ப்போர் பலர். இரு சாராருமே நிறமாற்றத்தின் காரணத்தை அறியாதோர்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் இயல்பான வெப்பநிலையில் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. கறுக்கச் செய்வது கந்தகமே. காற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, ஈரத்தின் துணையோடு வெள்ளியுடன் வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் படலத்தை உண்டாக்குகிறது. படலம் மெல்லியதாயிருக்கையில், அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் தம்முள் கலந்து பொன்மஞ்சள், ஊதா, நீலம் முதலிய வண்ணங்களைக் காட்டும். அது தடிக்கத் தடிக்கக் கருமையே எஞ்சும்.

காசின் கலவையும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் 11.66 கிராம் எடையுள்ள ரூபாயில், 1939 வரை 12 பங்கில் 11 பங்கு வெள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால நெருக்கடியில், 1940 முதல் 1945 வரை அடிக்கப்பட்ட ரூபாயில் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைந்தது. செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு சேர்ந்தன. செம்பு வெள்ளியைவிட எளிதில் வினைபுரிவது. ஆக்சிஜனோடும் சேரும், கந்தகத்தோடும் சேரும். ஆதலால் செம்பு மிகுந்த காசில் பழுப்பும் செம்மையும் தோன்றுவது இயல்பே.

இத்தகைய கலவைக் காசுகளை அச்சிடுமுன் வில்லைகளை அமிலத்தில் தோய்ப்பது வழக்கம். மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோக, வெண்மையான வெள்ளித் தோல் எஞ்சும். கைமாறிக் கைமாறிக் காசு தேயும்போது முதலில் மேடான பகுதிகளில் அத்தோல் அழிந்து, உள்ளிருக்கும் கலவை வெளிப்படும். பள்ளங்களிலோ கறையும் அழுக்கும் தங்கிவிடும். வியர்வையிலுள்ள உப்பும், காசைச் சுற்றிவைத்த மலிவான காகிதமும், ரப்பர் வளையமும் இவ்வினையை விரைவுபடுத்தும்.

எனவே, கருமை போலிக்குச் சான்றன்று. மெய்மைக்கும் சான்றன்று, ஏனெனில் அதைச் செயற்கையாகவும் உண்டாக்கலாம். எடையையும் அச்சின் நேர்த்தியையும் கொண்டே காசை மதிப்பிட வேண்டும்.

தேய்த்துத் துலக்கினால் கறையாக மாறிய வெள்ளியோடு, எழுத்தும் ஆண்டும் தாங்கிய மேற்பரப்பும் சிறிது சிறிதாய் நீங்கிவிடும். நீங்கியது மீளாது. ஈரமற்ற இடத்தில், கந்தகம் கலவாத உறையில், விளிம்பை மட்டும் தொட்டெடுத்து வைப்பதே முன்னோர் விட்டுச்சென்ற காசுக்குச் செய்யும் நற்பணியாகும்.