இருபத்திரண்டுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவே

2013 நவம்பரில் மும்பை வான்கடே மைதானத்தில் சச்சின் டெண்டுல்கர் விடைபெற்றபோது நாடே கலங்கியது. விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டிலிருந்து விடைபெறும் நாள் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. குறுவட்டத்தில் ஓடி, வருவாய் மாவட்டப் போட்டியில் ஜெயித்து, மாநிலப் போட்டிவரை போய்வந்த பெண், பிளஸ் டூ முடிந்ததும் பயர் ஆபீஸ் என்று ஊர் சொல்லும் பட்டாசு ஆலையின் வண்டியில் ஏறிவிடுகிறாள். கல்லூரி அணிக்குக் கபடி ஆடிய பையன் இருபத்திரண்டு வயதில் அச்சகத்திலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலைக்குச் சேர்கிறான். அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கக்கூட யாரும் இல்லை.

வேலைக்குப் போவதில் இழுக்கு எதுவும் இல்லை. சிவகாசியின் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. பத்து வருடம் உடம்பை வருத்திக் கற்றுக்கொண்ட ஒன்று, ஒரே நாளில் யாருக்கும் வேண்டாததாக ஆகிவிடுவதுதான் வலிக்கிறது. நேற்றுவரை ‘ஓட்டக்காரப் பொண்ணு’ என்று ஊர் சொன்னது. இன்று அவளைச் சொல்ல வேறு பெயர் இல்லை.

சூளைக்குத் திரும்பிய வீராங்கனை

இந்த வலியைத் தமிழ்நாட்டில் சாந்தி சௌந்தரராஜன் அளவுக்குப் பட்டவர்கள் குறைவு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகளாகப் பிறந்தவர். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களிலேயே பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடுவதற்கான வாசலும் அதோடு மூடியது. அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி தமிழக அரசின் 15 லட்சம் ரூபாய் பரிசை அவருக்கே வழங்கினார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சாந்தி தன்னிடம் பயிற்சிக்கு வந்த ஏழைப் பிள்ளைகளுக்காகச் செலவழித்தார்.

ஆனால் நிரந்தர வருமானம் இல்லை. 2012-ல் அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்ற செய்தி வெளிவந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பிறகு பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பை முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். பறிபோன பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை. அது இல்லாமலே அவர் தலைநிமிர்ந்தார். தனக்குத் தெரிந்ததை இன்னொரு பிள்ளையின் காலுக்குக் கொடுக்கிற வேலைதான் அவரை நிமிர்த்தியது. அந்த வேலையை நாம் பத்து ஆண்டுகள் தாமதமாகக் கொடுத்தோம் என்பது நம் சமூகத்தின் மேல் விழுந்த கறை.

வசதி இருந்தாலும் வெறுமை

இது வறுமையால் மட்டும் வருகிற துயரம் அல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா வசதியான குடும்பத்துப் பிள்ளை. அந்த வெற்றிக்குப் பிறகு தனக்குள் சூழ்ந்த வெறுமையைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1993-ல் பிரூவர், வான் ரால்டே, லிண்டர் என்ற மூன்று உளவியலாளர்கள், ஒருவர் தன்னை எந்த அளவுக்கு விளையாட்டு வீரராக மட்டுமே பார்க்கிறார் என்பதை அளக்க ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார்கள். அதன் வழியே நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ‘நான் என்றால் ஆட்டம்’ என்று மட்டும் வாழ்ந்தவருக்கு, ஆட்டம் நிற்கும்போது விழும் அடி பலமாக இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே படிப்பு, கைத்தொழில், பிறருக்குக் கற்றுக்கொடுத்தல் என்று இன்னொரு காலையும் ஊன்றி வைத்தவர் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்.

முப்பத்தாறு வருட இடைவெளி

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு தினத்தன்று, மத்திய அரசு ‘ரீசெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 20 முதல் 50 வயதுக்குட்பட்ட ஓய்வுபெற்ற வீரர்களுக்கு விளையாட்டுத் துறையிலேயே வேறு வேலைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் நோக்கம். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு.

ஆனால் ஒதுக்கீட்டு வேலை பெரிய பதக்கம் வென்ற சிலருக்குத்தான் எட்டுகிறது. ஓய்வூதியமோ 58 வயதுக்கு மேல். மாவட்ட அளவில் ஆடிய நம் பிள்ளைகளின் ஆட்டம் இருபத்திரண்டில் முடிகிறது. நடுவில் கிடக்கும் முப்பத்தாறு வருடத்துக்கு யார் பொறுப்பு?

பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. தீப்பெட்டிக்குப் பெயர்போன கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பெயர்போன ஊர். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்க்காரர். உடன் ஆடிய கார்த்தி, அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி ஹாக்கி மையத்தில் பயிற்சி பெற்றவர். தொழிலாளிகளின் ஊரிலிருந்து இந்திய அணிக்கு ஆள் போகிறது என்றால், அங்கே ஆடி முடித்தவர்கள் மைதானத்தை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். பழைய ஆட்டக்காரர் காலையில் மட்டையோடு வந்து நின்றால், சின்னப் பிள்ளைகளுக்கு ஆசான் கிடைக்கிறார்; அவருக்கும் விடிந்து எழ ஒரு காரணம் கிடைக்கிறது.

நாம் செய்யக்கூடியது

புதிதாக ஒன்றைக் கற்று வாழ்க்கையை மாற்றிக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வானம் பொய்த்த இந்தக் கரிசல் பூமியிலிருந்து, 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இன்றைய சிவகாசி அந்தக் கற்றலில் முளைத்தது. அதே துணிவு நம் ஆட்டக்காரர்களுக்கும் வேண்டும். அதற்கான வழியை ஊர் திறந்துவிட வேண்டும்.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சக முதலாளிகளே, உங்கள் ஆலையில் வேலை பார்க்கும் பழைய வீரர்கள் யார் யார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மாலை அவர்களைக் கூலியோடு பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கு அனுப்புங்கள். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடைக்கும். உங்கள் ஆளுக்கு மரியாதை திரும்பும்.

பி.டி. ஆசிரியர்களே, பிளஸ் டூ வீரர்களிடம் அடுத்த போட்டியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். உடற்கல்விப் படிப்பு, நடுவர் தேர்வு, பயிற்சியாளர் பட்டயம் இவற்றைப் பற்றியும் பேசுங்கள். சான்றிதழ்களை உரிய படிவத்தில் வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, மகளின் ஓட்டம் கல்யாணத்தோடு முடிந்தது என்று ஸ்பைக்ஸைக் கட்டி பரணில் போடாதீர்கள். தெருப் பிள்ளைகளுக்கு அவள் கற்றுக்கொடுக்கட்டும்.

ஆட்டத்தை விட்டு வந்த தம்பி, தங்கைகளே, உங்கள் கால் வேகம் வயதோடு குறையும். விடியலில் எழுந்த ஒழுக்கம், தோற்ற மறுநாள் மைதானத்துக்கு வந்த மனசு, அணிக்காக விட்டுக்கொடுத்த குணம், இவை எதுவும் குறையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய பள்ளி மைதானத்துக்குப் போய் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அரசு உத்தரவுக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம்.