சோத்துக்கு தொட்டுக்க சோறா? உருளைக்கிழங்கு காய்கறி கணக்கில் வராது!

மேட்டுப்பாளையம்: ‘சைவம்தானே, உடம்புக்கு நல்லது’ என்று தினமும் சோறும் உருளை வறுவலுமா வெளுத்துக் கட்டுறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

தினமும் 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிடச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கை சேர்க்கவில்லை. மண்டிக்கு வரும் ஊட்டி கிழங்கானாலும் சரி, குஜராத் கிழங்கானாலும் சரி, உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. சோறு மாதிரிதான். சுகர்காரர்களுக்கு இது ரெட்டைச் சுமை.

அதுக்காக உருளையை ஒதுக்க வேண்டாம். பொட்டாசியம், வைட்டமின் சி இருக்கு. தோலோடு சாப்பிட்டால் நார்ச்சத்தும் கிடைக்கும். வேகவைத்த கிழங்கு 100 கிராமில் 90 கலோரிக்குள்தான். அதே எடை சிப்ஸில் 500-ஐ தாண்டுது. எல்லாம் எண்ணெய் செய்யும் வேலை.

உருளை சமைக்கிற அன்னைக்கு சோற்றில் ஒரு கரண்டி குறைங்க. கூடவே பருப்பும் கீரையும் வைங்க.