சேவை பிழிவதும் அதற்கேற்ற அரிசியும்

ஸ்ரீரங்கத்தில் 'சேவை' என்றால் முதற்பொருள் பெருமாள் தரிசனம். 'சேவை ஆயிற்றா?' என்று வீதியில் வினவுகிறவர் சிற்றுண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. வெந்த அரிசி மாவை நாழியிலிட்டு இழை இழையாகப் பிழியும் பண்டத்துக்கும் அதே பெயர் வழங்குகிறது. நாம் இங்கே எழுதப்புகுந்தது இந்தப் பண்டத்தைப் பற்றியே.

சேவை நன்கு அமையவில்லையென்றால் பலரும் கைப்பக்குவத்தையே குறை கூறுவர். பெரும்பாலும் குற்றம் அரிசியில் இருக்கும். அல்லது சூடு தவறிய வேளையில் இருக்கும். இதற்குக் காரணத்தை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு விளக்குவது எளிது. உறையூரில் பாவுக்குக் கஞ்சியிட்டுப் பழகியவர்கள் அறிவர்: அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் படிந்துவிடும், நூலைப் பற்றாது, காய்ச்சினால்தான் பசையாகும். ஏறத்தாழ 70 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்து இளகுவதே இதன் உட்பொருள். பாவை இறுக்கும் அதே பசைதான் சேவையின் இழையையும் சேர்த்துப் பிடிக்கிறது.

கோதுமையின் இயல்பு வேறு. அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் நீர் பட்டுப் பிசைந்ததும் வலை போலப் பின்னிக்கொள்வதால், மாவைப் பச்சையாகவே இழுத்து இழையாக்கலாம். இத்தாலியர் வீட்டில் செய்யும் பாஸ்தா அவ்வகையினது. 1154-ல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக நூல் எழுதிய அல் இத்ரீசி, திராபியா என்னும் ஊரில் மாவிழை செய்து கப்பலேற்றி அனுப்பியதைக் குறித்துள்ளார். அரிசியில் அவ்வலை இல்லை. ஆகவே வெந்நீரோ ஆவியோ முதலில் அதைப் பசையாக்கியாக வேண்டும். இடியாப்பத்துக்கு மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, பிழிந்தபின் வேகவைக்கிறோம். சேவைக்கு முழுவதும் வேகவைத்தபின் பிழிகிறோம்.

இனி அரிசி. மண்ணச்சநல்லூர் ஆலைகளின் பொன்னி அரிசிக்கு நல்ல பெயர் உண்டு. இலையில் சோறாக விழும்போது அதற்கு நிகர் குறைவு. ஆயினும் சேவைக்கு நாம் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டோம். புது அரிசியாயின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். இட்லிக்கு வாங்கும் தடித்த புழுங்கலரிசியே ஏற்றது. அது ஆறு மாதம், ஓராண்டு பழகியதாயின் மிக நன்று. நெல்லைப் புழுக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை இளகி மீண்டும் இறுகிவிடுகிறது. அதனால் இழைக்கு உறுதி கிடைக்கிறது. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1987-ல் வெளியிட்ட ஏ.டி.டி. 37 குட்டையான பருத்த மணியுடையது. இட்லி அரிசியாக அதற்குப் பெயர். குண்டரிசி என்று அதைச் சிலர் இகழ்வது நமக்கு விளங்கவில்லை. பயிரிடும் அங்கத்தினர் வீட்டிலேயே அதை முழுவதும் விற்றுவிட்டு, சிற்றுண்டிக்கும் சன்ன அரிசி வாங்குவது வீண்செலவு.

இரண்டு ஆழாக்கு அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைக்க வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. நொய் ஒன்று நின்றாலும் நாழியின் கண் அடைபடும். உப்புச் சேர்த்துத் தோசை மாவினும் சற்று நீர்க்கக் கரைத்து, அடிகனத்த வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெயுடன் விட்டுக் கிளறுக. மாவு திரண்டு, ஈரக்கையில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, நீள் உருண்டைகளாகப் பிடித்து, ஆவியில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுக. கிளறச் சோம்பினால் மாவைக் கெட்டியாக வைத்து இட்லியாக வார்த்துப் பிழிவோரும் உண்டு, அதுவும் தவறன்று.

பிழியும்போது உருண்டை கை பொறுக்காச் சூட்டில் இருக்க வேண்டும். ஆறினால் மாவுச்சத்து இறுகும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் இறங்காது. எனவே ஒவ்வோர் உருண்டையாக எடுத்து, மற்றவை அடுப்பிலேயே மூடியிருக்கட்டும். நாழியின் உட்புறம் எண்ணெய் தடவுக. மூன்று கால் நாழியின் திருகைச் சுற்றுவது தோள் நோகும் வேலை. காலமெல்லாம் இதைப் பெண்டிர் தலையில் கட்டிவிட்டு இலைமுன் காத்திருக்கும் ஆடவர், திருகையேனும் ஏற்றுக்கொள்ளலாம்.

பிழிந்ததை உடனே கிளறலாகாது. தட்டில் பரப்பி நன்றாக ஆறியபின் உதிர்த்து, தேங்காய், எலுமிச்சை, புளிக்காய்ச்சல், வெல்லப்பாகு என விருப்பம்போல் கலக்கலாம். வெறும் சேவைக்கு மோர்க்குழம்பே துணை. கடைகளில் உலர்ந்த சேவை பொட்டலங்களாகக் கிடைக்கிறது. வெளியூர் செல்வோருக்கு அது உதவும். ஆனால் உலர்த்தி மீண்டும் நனைத்த இழைக்குப் புதிதாய்ப் பிழிந்ததன் மென்மை வருவதில்லை.

நாழியைப் பிழிந்த கையோடு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காய்ந்த பசையைக் கண்களிலிருந்து எடுப்பது பெரும்பாடு. மிஞ்சிய சேவை மறுநாள் விறைத்திருந்தால் எறிய வேண்டியதில்லை. கெட்டுப்போகாதிருப்பின், ஐந்து நிமிடம் ஆவி காட்ட மீண்டும் இளகும்.