'தண்ணிக்குள்ள போனா போச்சு!' - கோல்ஃப் வீரர்களைக் குளங்கள் மிரட்டுவது ஏன்?

பனமலை மாதிரி ஏரியை ஒட்டின ஊர்களில் கிரிக்கெட் ஆடுறவங்க முதல்ல போடுற ரூல் என்ன? 'தண்ணிக்குள்ள அடிச்சா அவுட்'தானே! கோல்ஃபில் அவுட் கிடையாது. ஆனா, குறைவான அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளுறவர்தான் ஜெயிப்பார். தண்ணியில் விழுந்த பந்தை விட்டுட்டு வேற பந்து எடுத்தா, ஓர் அடி கூடுதலா கணக்கில் ஏறும்.

தீவில் ஒரு குழி

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 17-வது குழி, தண்ணிக்கு நடுவே தீவு மாதிரி இருக்கும். தூரம் சுமார் 125 மீட்டர்தான். 3 அடிகளில் முடிக்கணும். 2005-ல் பாப் ட்வே என்ற அனுபவசாலி, பந்தைத் திரும்பத் திரும்பத் தண்ணியில் விட்டு 12 அடிகள் எடுத்தார்!

அதே தூரத்தைப் புல்தரையில் அடிக்கச் சொன்னா, அவருக்கு அது சாதாரணம். தண்ணி மாத்துறது தூரத்தை இல்ல, மனசை. பயத்துல தோள் இறுகும், பந்து எங்கே போகுதுன்னு பார்க்கத் தலை சீக்கிரமே நிமிரும், அடி பிசகும்.

அப்புறம் ஏன் குளம்?

அங்கேதான் சுவாரஸ்யமே. தண்ணிக்குக் குறுக்கே அடிச்சா ஓர் அடி மிச்சம். சுத்திப் போனா பத்திரம். எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் மைதானம் சமதளம்தான். ஆனா, வழிநெடுக குளங்கள்! அங்கே புல்தரையைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி.சௌராசியா. ரொம்ப தூரம் அடிக்கிறவர்னு அவருக்குப் பேர் கிடையாது. குழிக்குப் பக்கத்துல நுணுக்கமா ஆடுறதுதான் பலம். 2016, 2017-ல் அடுத்தடுத்து இந்தியன் ஓப்பன் பட்டம் வென்றார்.

விழுந்தா ஆட்டம் முடிஞ்சதா?

இல்லவே இல்ல. 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில், சாக்ராஸின் கடைசிக் குழியில் கேமரூன் ஸ்மித் பந்தைத் தண்ணியில் விட்டார். பதறலை. அபராதத்தை ஏத்துக்கிட்டு, அடுத்த பந்தைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பட்டம் அவருக்கே. ஒரே ஓர் அடியில் கோப்பையை விட்டவர், நம்ம அனிர்பன் லாஹிரி!

முதல்முறை ஆடப்போறீங்களா? உங்களோட 'பெஸ்ட்' அடியை நம்பித் தண்ணியைத் தாண்டப் பார்க்காதீங்க. பத்துக்கு எட்டு தடவை எவ்வளவு தூரம் அடிக்கிறீங்களோ, அதுதான் உங்க கணக்கு. அது தண்ணியைத் தாண்டலைன்னா, சுத்திப் போறதுல தப்பே இல்ல பாஸ்!