இராயபுரம் தொடர்வண்டி நிலையக் கட்டிடம்

இராயபுரம் தொடர்வண்டி நிலையக் கட்டிடம் என்பது வட சென்னையின் இராயபுரத்தில் 1856 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொடர்வண்டி நிலையத்தின் பழைய கட்டிடம் ஆகும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இங்கிருந்தே புறப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிலைத்திருக்கும் தொடர்வண்டி நிலையக் கட்டிடங்களுள் இதுவே மிகப் பழமையானது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஐரோப்பியக் கல் மாளிகை போலத் தோன்றினாலும், இதன் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்டவை.

வரலாறு

மெட்ராஸ் இரயில்வே நிறுவனத்துக்காக இதனை வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி. 1856 சூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். சூலை 1 அன்று வாலாஜா சாலை வரை, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவுக்குச் சேவை தொடங்கியது. அக்காலத்தில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் இல்லை; கப்பல்கள் கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் சரக்கைக் கரைக்குக் கொணர்ந்தன. அந்தக் கரைக்கும் வணிகர்கள் நிறைந்த கருப்பர் நகரத்துக்கும் அருகில் இராயபுரம் இருந்தது.

இதனை 'இந்தியாவின் முதல் நிலையம்' என்று சிலர் எழுதுவது சரியன்று. பம்பாயில் 1853 இலும் ஹவுராவில் 1854 இலும் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் அங்கிருந்த முதல் நிலையங்கள் இன்று இல்லை. பம்பாயின் போரி பந்தர் நிலையம் இருந்த இடத்தில் 1888 இல் விக்டோரியா முனையம் எழுந்தது. இராயபுரத்தின் பழைய கட்டிடமோ அவ்வாறு மாற்றப்படாமல் தப்பியது.

1873 இல் சென்னை சென்ட்ரல் கட்டப்பட்ட பின்னர் இராயபுரத்தின் முதன்மை படிப்படியாகக் குறைந்தது. எனினும் 1922 வரை மெட்ராஸ் மற்றும் தென் மராத்தா இரயில்வேயின் தலைமையகம் இங்கேயே இயங்கியது.

கட்டிட அமைப்பு

உயர்ந்த தூண்வரிசையும் உயரமான கூடமும் கொண்ட இக்கட்டிடம் ஐரோப்பியச் செவ்வியல் பாணியைப் பின்பற்றுகிறது. இப்பாணி கல்லில் பிறந்தது. இங்கிலாந்தின் காட்சுவோல்டு பகுதியில் சாதாரண உழவர் வீடுகூட அருகிலுள்ள குழியில் வெட்டிய சுண்ணக்கல்லால் கட்டப்பட்டது; கூரையும் கல் ஓடுதான். மென்மையான அக்கல்லை எளிதில் செதுக்கலாம். சென்னையிலும் கல் இல்லாமல் இல்லை. பல்லாவரத்தில் கிடைக்கும் பாறை 'சார்னோக்கைட்டு' என்னும் பாறைவகையைச் சேர்ந்தது (கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகையைச் சேர்ந்தது). ஆனால் அது மிகக் கடினமான கல். அதில் வரிசை வரிசையாகத் தூண்களைச் செதுக்குவது பெருஞ்செலவு.

எனவே சென்னையின் கொத்தனார்கள் செங்கல்லை வட்டமாக அடுக்கித் தூண் எழுப்பி, மேலே சுண்ணச்சாந்து பூசிக் கல்லின் தோற்றத்தைக் கொணர்ந்தனர். பழவேற்காடு போன்ற கழிப்பகுதிகளில் கிடைத்த கிளிஞ்சல்களைச் சூளையிலிட்டு நீற்றிச் சுண்ணாம்பு பெறப்பட்டது. அதனுடன் மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் கலப்பது வழக்கம். மெருகுப் பூச்சுக்கு மணல் குறைத்து, முட்டை வெண்கருவும் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்ப்பர். நன்கு தேய்த்த பூச்சு சலவைக்கல் போலப் பளபளக்கும். ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதிய 'மெட்ராஸ் சுண்ணம்' இதுவே.

பராமரிப்பு

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. இறுகிய பின்னரும் அதில் நுண்துளைகள் இருக்கும். சுவர் உறிஞ்சும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். கடலோரமான இராயபுரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்தே வருகிறது. இத்தகைய சுவர்மீது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உதிர்த்துவிடும். பூச்சு உறுதியாக நிற்க, அதன் பின்னால் செங்கல் பொடியாகிக் கொண்டிருக்கும் என்பதால் பழுது வெளியே தெரிவதற்கும் நாளாகும். பழைய கட்டிடங்களைச் சீரமைப்போர் மீண்டும் சுண்ணாம்பையே நாடுவது இதனால்தான்.

நீண்ட காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த இக்கட்டிடம் 2005 இல் புதுப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று அப்போதைய இரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் யாதவ் அதனைத் திறந்து வைத்தார். சென்னைக் கடற்கரையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் வண்டிகள் இந்நிலையத்தின் வழியே செல்கின்றன. இங்குள்ள விரிந்த இரயில்வே நிலத்தில் நெடுந்தொலைவு வண்டிகளுக்கான முனையம் வேண்டும் என்பது வட சென்னை மக்களின் பல்லாண்டுக் கோரிக்கை.