இமயமலைக் கிராமங்களில் வீடே விடுதி: கடன் கிடைக்கும், வீட்டுக்காரர் இருப்பாரா?

புது தில்லி: மக்களவையில் 2025 பிப்ரவரி 1-ம் தேதி தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில், சுற்றுலாவுக்கான அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு சிறிய வரி இடம்பெற்றது. தமது வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்துக் கட்டணம் பெறும் "ஹோம்ஸ்டே" உரிமையாளர்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்பதே அது. வருமான வரி விலக்கு பற்றிய அறிவிப்பால் எழுந்த ஆரவாரத்தில் அவையில் இந்த வரி பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஆனால், உத்தரகண்ட், இமாசலப் பிரதேச மலைக் கிராமங்களில் ஓரிரு அறைகள் மட்டுமே உபரியாக உள்ள குடும்பங்களுக்கு அது முக்கியமான அறிவிப்பாகும்.

காரணம், இக்கிராமங்கள் பலவற்றில் வீடு இருக்கிறது, ஆள் இல்லை. உத்தரகண்ட் மாநிலத்தின் அல்மோரா, பௌரி கர்வால் ஆகிய இரு மாவட்டங்களிலும் 2001-க்கும் 2011-க்கும் இடையே மக்கள்தொகை குறைந்துவிட்டதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. இப்பிரச்னையை ஆராய மாநில அரசு 2017-ல் அமைத்த இடப்பெயர்வு ஆணையம், 2011-க்குப் பின் மேலும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போனதாகத் தனது 2018-ம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. வெளியேறியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள்.

அவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளில் பல, கல்லும் மரமும் கொண்டு கட்டப்பட்டவை. கீழ்த்தளத்தில் மாட்டுத் தொழுவம், மேல்தளத்தில் குடும்பம், கூரையில் கற்பலகை என்பது குமாவுன் பகுதியின் பழைய வழக்கம். மரச் சட்டங்களைக் கற்களோடு பிணைத்துக் கட்டும் முறை உத்தரகாசி மாவட்டத்தில் நூற்றாண்டுகளாக உள்ளது. 1991-ம் ஆண்டு உத்தரகாசி நிலநடுக்கத்தில் இத்தகைய பழைய கட்டடங்கள் தாக்குப்பிடித்தன. இந்த வீடுகளையே வருவாய்க்கு வழியாக்கினால் வெளியேற்றத்தைத் தடுக்கலாம் என்பது மத்திய, மாநில அரசுகளின் எதிர்பார்ப்பு.

மாநிலத்தின் பொறுப்பு: இதில் மத்திய அரசின் கை ஓரளவுக்குத்தான் எட்டும். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 31-வது இனம் "விடுதிகளும் விடுதி நடத்துவோரும்" என்பதாகும். நிலமும் அதே பட்டியலில், 18-வது இனமாக உள்ளது. ஆகவே கடன், மானியம், தரச்சான்று ஆகியவற்றைத் தில்லி தரலாம். பதிவும் உரிமமும் நிலச் சட்டமும் மாநிலங்களின் கையில் உள்ளன.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் "பெட் அண்ட் பிரேக்பாஸ்ட்" திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள் உள்ள வீடுகளுக்குத் தங்கம், வெள்ளி என இரு தரங்களில் சான்று வழங்கப்படுகிறது. பழங்குடியினர் கிராமங்களுக்கெனத் தனித் திட்டமும் உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பழங்குடியினர் கிராம மேம்பாட்டு இயக்கத்தின் கீழ், 1,000 இல்லங்களை உருவாக்க முடிவு செய்யப்பட்டது. புதிதாகக் கட்ட ரூ.5 லட்சம் வரையிலும், இருப்பதைப் புதுப்பிக்க ரூ.3 லட்சம் வரையிலும் உதவி கிடைக்கும்.

மாநிலங்களில் இமாசலப் பிரதேசம் 2008-லேயே இதற்கான திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆடம்பர வரி கிடையாது, மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் வீட்டு உபயோகக் கட்டணமே போதும் என்ற சலுகைகள் அப்போது அறிவிக்கப்பட்டன. உத்தரகண்ட் 2018-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய பெயரிலான திட்டத்தில், மலைப் பகுதிகளில் செலவில் 33 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை மூலதன மானியம் தரப்படும் என அறிவிக்கப்பட்டது. வட்டியிலும் 5 ஆண்டுகளுக்குப் பாதியை அரசு ஏற்கும். இதற்கு ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் உச்சவரம்பு.

கணக்கு என்ன சொல்கிறது?: சலுகைகள் இத்தனை இருந்தும், கடன் வாங்கி இறங்குவது எளிதல்ல. உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். இரண்டு அறைகள், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு ரூ.1,500 வாடகை. குமாவுன் மலையில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர், நவம்பரிலும்தான் பயணிகள் கூட்டம். மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சி யாரும் வருவதில்லை. ஆக, ஒவ்வோர் அறையும் ஆண்டில் 60 இரவுகள் நிரம்புவதாகக் கொண்டால் மொத்த வரவு ரூ.1.80 லட்சம். முன்பதிவு செய்து தரும் இணைய நிறுவனத்துக்கு 15 சதவீதம் தரகு எனக் கொண்டால் ரூ.27 ஆயிரம் போய்விடும். மீதி ரூ.1.53 லட்சம்.

இதே இரண்டு அறைகளுக்காக ரூ.5 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை சுமார் ரூ.10,600, ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1.27 லட்சம். எஞ்சுவது ரூ.26 ஆயிரம் மட்டுமே. சாப்பாடு, படுக்கை விரிப்புகளின் சலவை, மின்சாரம், குளிர்காலத்துக்கு விறகு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். முதலாண்டு வட்டியில் பாதியை அரசு ஏற்றாலும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் ரூ.23 ஆயிரம்.

அதே குடும்பம் புதிதாகக் கட்டாமல், பாட்டனார் காலத்து வீட்டில் கழிப்பறையும் வெந்நீர் வசதியும் மட்டும் சேர்த்து ஓரிரு லட்சத்தில் முடித்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. தவணை சுருங்கும், தோட்டத்துக் காய்கறியும் வீட்டுப் பாலும் விருந்தினர் தட்டில் விலைபோகும். ஹோம்ஸ்டே என்பது வயலுக்கும் மாட்டுக்கும் துணை வருமானமாக இருக்கும்வரை கட்டுப்படியாகிறது. அதுவே முழுப் பிழைப்பாகும்போது, ஒரு மோசமான மழைக்காலம் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடக்கூடும்.

வரி விஷயத்தில் சிறு உரிமையாளருக்குச் சற்று நிம்மதி. ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத உத்தரகண்ட், இமாசல வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால், பதிவில்லாத அவர் இணையதளம் வழியே முன்பதிவு பெற்றால், வரியைச் செலுத்தும் பொறுப்பு அந்த நிறுவனத்தைச் சேரும். நாள் வாடகை ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டவர் தங்கினால் மட்டும், வீடு எவ்வளவு சிறியதானாலும், 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு மின்னணு முறையில் தகவல் தர வேண்டும்.

சர்மோலி காட்டும் வழி: கணக்கு சரியாக வந்த ஊருக்கு எடுத்துக்காட்டு, பிதோராகர் மாவட்டத்தில் முன்சியாரியை அடுத்துள்ள சர்மோலி. காத்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரு பகல் முழுவதும் மலைப்பாதையில் செல்ல வேண்டிய தொலைவில், பஞ்சசூலி சிகரங்களுக்கு எதிரே உள்ள கிராமம் இது. இங்கு 2004-ல் பெண்கள் தமது வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கத் தொடங்கினர். வயல் வேலையையும் காட்டு உரிமையையும் விடாமல், இதைக் கூடுதல் தொழிலாகவே நடத்தினர். வருமானத்தில் ஒரு பங்கு ஊர்க் காட்டைக் காக்கும் வன பஞ்சாயத்துக்குச் சென்றது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2023-ல் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமமாக சர்மோலியைத் தேர்வு செய்தது குறிப்பிடத்தக்கது.

இங்கு பெரிய முதலீடு எதுவும் முன்னே செல்லவில்லை. வீடும் காடும் சமையலும் ஏற்கெனவே இருந்தவை. விருந்தினர் கொடுக்கும் பணம் அந்தச் சமையலறைக்கே வந்து சேர்ந்தது என்பதுதான் சர்மோலியின் பாடம்.

பலகை மட்டும் போதுமா?: மத்திய திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. உரிமையாளரும் குடும்பத்தினரும் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பதே அது. திட்டம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. சரிபார்க்க மிகவும் கடினமானதும் இதுவே. நகரத்து முதலீட்டாளர் ஒருவர் கிராமத்து வீட்டை எடுத்து, சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்து, வாசலில் ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிவிட்டால், சலுகை விலையில் ஒரு ஹோட்டல் கிடைத்துவிடுகிறது. ஊராருக்கு மிஞ்சுவது காவல் வேலை.

மலை மாநிலங்கள் நிலச் சட்டத்தால் இதைத் தடுக்கப் பார்க்கின்றன. இமாசலத்தில் 1972-ம் ஆண்டு குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-வது பிரிவு, விவசாயி அல்லாதோர் அரசு அனுமதியின்றி விளைநிலம் வாங்குவதைத் தடை செய்கிறது. உத்தரகண்ட் 2018-ல் நில உச்சவரம்பைத் தளர்த்தி, எதிர்ப்பு வலுத்த பிறகு 2025-ல் மீண்டும் இறுக்கியது. ஹரித்வார், உதம்சிங் நகர் நீங்கலாக 11 மாவட்டங்களில் வெளிமாநிலத்தவர் வேளாண், தோட்டக்கலை நிலம் வாங்குவதற்குத் தடை வந்தது. எனினும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் நிலப் பதிவேடு சொல்லும். அந்த வீட்டில் இரவில் விளக்கேற்றுவது யார் என்பதை அது சொல்லாது.

ஆற்றங்கரை ஆபத்து: கங்கோத்ரி சாலையில் உள்ள தராலி கிராமத்தில் 2025 ஆகஸ்ட் 5-ம் தேதி கீர் காட் ஓடையில் பாய்ந்துவந்த சேற்று வெள்ளம், ஹோட்டல்களையும் ஹோம்ஸ்டேக்களையும் சில விநாடிகளில் மூடியது. மலையில் பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் ஓடையை விட்டு விலகி மேட்டில் அமைந்தவை. சாலைக்கு அருகே, நீரைப் பார்த்தபடி அறை வேண்டும் என்ற பயணிகளின் விருப்பமே புதிய கட்டடங்களைக் கீழே இழுக்கிறது. பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கொடுக்கும் ரூபாய்க்கும், ஓடைக்கரையில் கான்கிரீட் எழுப்பக் கொடுக்கும் ரூபாய்க்கும் வேறுபாடு பார்க்காத கடன் திட்டம், ஆபத்துக்கே நிதி தருவதாக முடியும்.

வங்கிகள் வழங்கிய கடன்களின் எண்ணிக்கையைப் பட்டியலிடுவது அரசுகளுக்கு எளிது. நாடாளுமன்ற நிலைக்குழுவிலும் கேள்வி நேரத்திலும் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கணக்கு வேறு. கடன் பெற்ற வீடுகளில் எத்தனையில் உரிமையாளர் குடும்பம் ஆண்டு முழுவதும் வசிக்கிறது? அவற்றில் எத்தனை பழைய வீடுகள், எத்தனை புதியவை? வெள்ள அபாயப் பகுதியில் எத்தனை? இந்த மூன்று விவரங்களையும் பதிவின்போதே கேட்டுப் பெற்று, ஆண்டுதோறும் கிராம பஞ்சாயத்து மூலம் சரிபார்க்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைப் பஞ்சாயத்தைவிட நன்கு அறிந்த அலுவலகம் வேறு இல்லை.

மலைக் கிராமத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுவதால் ஒரு குடும்பம் செல்வச் செழிப்பை எட்டிவிடப் போவதில்லை. மகனையோ மகளையோ தில்லிக்கு அனுப்பாமல் ஊரில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வருமானம் வந்தாலே திட்டம் வென்றதாகும். அப்படி நடக்காத இடத்தில், ஆளற்ற வீடுகளின் கதவுகள் திறந்திருந்தாலும் ஊர் மூடிக்கிடப்பதாகவே பொருள்.